பிக்கப் எங்கே போச்சு? மின்கார் கேள்விகளுக்கு மஞ்சக்குப்பம் மெக்கானிக் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. அதனால் டயர், இன்ஷூரன்ஸ், பெயின்ட் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புது கார் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது சார். டெஸ்ட் டிரைவில் பறந்த வண்டி, வீட்டுக்கு வந்ததிலிருந்து மாட்டுவண்டி மாதிரி நகர்கிறது. வேறு ஏதோ மோட்டாரைப் போட்டுக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.
*– புது கார்க்காரர், முத்தியால்பேட்டை*

அப்படியெல்லாம் மாற்ற மாட்டார்கள் தம்பி. விற்கத் தெரிந்தவன் டெஸ்ட் டிரைவ் வண்டியை ஸ்போர்ட் மோடில் வைத்துத்தான் உங்கள் கையில் கொடுப்பான். வீட்டில் நிற்கும் வண்டி, சார்ஜை மிச்சம் பிடிக்கிற ஈகோ மோடிலோ சிட்டி மோடிலோ இருக்கும். காலை அதே அளவு அழுத்தினாலும் ஈகோவில் மோட்டாருக்குப் போகும் உத்தரவு குறைவு, சில கார்களில் முழுக்க அழுத்தினாலும் குறைவுதான். மோடை மாற்றிப் பாருங்கள். நேரு வீதி நெரிசலில் இரண்டு நாள் ஸ்போர்ட்டில் ஓட்டிவிட்டு நீங்களே சிட்டிக்குத் திரும்பிவிடுவீர்கள், அது வேறு விஷயம்.

வணக்கம் ஐயா. கூத்தப்பாக்கத்தில் இருந்து பாண்டிச்சேரியில் உள்ள ஒரு பள்ளிக்கு தினமும் மின்காரில் போய்வருகிறேன். மூன்று வருஷ வண்டி, 46 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் போகும்போது ஒரு குறையும் இல்லை. மதியம் திரும்பும்போது, அதுவும் ஏப்ரல் பிறந்ததிலிருந்து, கன்னியக்கோவில் பக்கம் ஒரு பஸ்ஸை முந்தலாம் என்று மிதித்தால் வண்டி யோசிக்கிறது. போகிறது, ஆனால் பழைய வேகம் இல்லை. எதிரே லாரி வரும்போது வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் சார்ஜர் வைக்க விடவில்லை, அதனால் பள்ளி விட்டதும் வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதம் வரை போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். சர்வீஸில் இரண்டு முறை விட்டேன். “எரர் கோட் எதுவும் இல்லை மேடம், வண்டி நார்மல்” என்று கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆக்ஸிலரேட்டரை மாற்றச் சொல்கிறார் என் தம்பி. மாற்றலாமா?
*– ஆசிரியை, கூத்தப்பாக்கம், கடலூர்*

டீச்சரம்மா, ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது: காலையில் சரி, மதியம் சரியில்லை. மிதி கெட்டிருந்தால் அதற்குக் காலை என்ன, மதியம் என்ன?

மின்காரில் மிதியை அழுத்துவது என்பது விண்ணப்பம் போடுவது மாதிரிதான். “எனக்கு இவ்வளவு இழுவை வேண்டும்” என்று கால் கேட்கிறது. அதை வண்டியின் கம்ப்யூட்டர் வாங்கி, எந்த மோட், என்ன வேகம் என்று கணக்குப் போட்டு, அப்புறம் பேட்டரியைக் கேட்கும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற இன்வெர்ட்டரைக் கேட்கும், மோட்டாரைக் கேட்கும், பிரேக் மிதித்திருக்கிறதா, சக்கரம் வழுக்குகிறதா என்றும் பார்க்கும். இவர்களில் யார் மிகக் குறைவாகச் சொல்கிறார்களோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். பேட்டரி “இப்போது 30 கிலோவாட்டுக்கு மேல் தர மாட்டேன்” என்றால் மோட்டார் 90 கிலோவாட் மோட்டாராக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதில் பழுது என்று எதுவும் கிடையாது, வண்டி தெரிந்தேதான் கையை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் எரர் கோட் வரவில்லை. சர்வீஸ்காரர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் காலை பத்து மணிக்கு, இரவெல்லாம் ஷெட்டில் நின்று குளிர்ந்த வண்டியில், ஒரு ரவுண்டு அடித்துப் பார்த்தால் என்ன தெரியும்?

ஊருக்குள் இது தெரியாததற்கும் காரணம் உண்டு. சமமான ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக ஒரு சிறிய காருக்கு ஐந்து கிலோவாட் பக்கம் போதும். எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது பஸ்ஸைத் தாண்டக் கேட்பதுதான் ஐம்பது அறுபது கிலோவாட். வரம்பு முப்பதுக்கு இறங்கியிருந்தால் கடலூர் டவுனுக்குள் ஒரு மாதம் ஓட்டினாலும் உங்களுக்குத் தெரியாது, கன்னியக்கோவிலில்தான் தெரியும்.

இப்போது யார் “முடியாது” என்கிறார் என்று பார்க்கலாம். நான் இரண்டு பேரைச் சந்தேகப்படுகிறேன்.

முதலாவது சூடு. மதிய வெயில், தார் ரோட்டின் அனல், அதன் மேல் ஃபாஸ்ட் சார்ஜ். வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது பேட்டரி உள்ளுக்குள்ளேயே சூடாகும், அந்தச் சூடு ஆறுவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். பேட்டரி 45, 50 டிகிரி என்று ஏற ஏற, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே தரும் சக்தியைக் குறைத்துக்கொண்டே வரும். எந்த டிகிரியில் எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும். புதிதில் இந்தத் தொல்லை இல்லை, இந்த வருஷம்தான் என்றால் குளிர்விக்கும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது, பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கடலூர் போர்த் தண்ணீர் உப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேனுவலில் போட்டிருக்கிற கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், அதோடு எங்கே ஒழுகுகிறது என்றும் பார்க்க வேண்டும். அப்புறம் ரேடியேட்டர். முன்னால் கிரில் மூடியிருப்பதால் மின்காருக்கு ரேடியேட்டரே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கிற கார்களில் கீழே இருக்கும். போன மாதம் ஒரு வண்டியில் அதன் இடுக்கு முழுக்க வேப்பம்பூவும் செம்மண்ணுமாக அடைத்துக்கொண்டு, மெத்தை மாதிரி இருந்தது. மெதுவான தண்ணீரில் கழுவினேன், அவ்வளவுதான், ஆனால் அவர் என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பண்ருட்டிக்காரர்.

இரண்டாவது சந்தேகம், நீங்கள் 80க்கு மேல் சார்ஜ் போடுவதே இல்லை என்பது. பேட்டரி என்பது ஒரே டப்பா கிடையாது, வரிசையாகக் கோத்த சுமார் நூறு செல்கள். நூறு மாணவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு போனால், கடைசியில் நொண்டுகிற பிள்ளையின் வேகம்தான் வரிசையின் வேகம், உங்களுக்குத் தெரியாததா. பல கார்களில் செல்களைச் சமப்படுத்தும் வேலை முழு சார்ஜை நெருங்கும்போதுதான் நடக்கும். அதுவும் நம் ஊரில் பல கார்களில் இருக்கிற எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில், ஒவ்வொரு செல்லும் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே 3.3 வோல்ட்டைத்தான் காட்டும். வண்டிக்கே தன் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குத் தப்பிப்போகும். நூறு சதவீதம் தொட்டால்தான் கணக்கு நேராகும்.

ஆகவே காசு செலவழிக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை 15 ஆம்பியர் பிளக் இருக்கிற உறவினர் வீட்டுக்குப் போய், வண்டியோடு வந்த சார்ஜரை மாட்டி, நூறு வரை போட்டு, நூறு வந்த பிறகும் ஓரிரு மணி நேரம் பிடுங்காமல் விடுங்கள். 30 கிலோவாட் மணி பேட்டரி, 40 சதவீதத்திலிருந்து என்றால் ஏற வேண்டியது 18. மூன்று கிலோவாட்டில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரலாம். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்யுங்கள். கூடவே, ஒரு நாள் மட்டும் பள்ளியில் நிழலில் நிறுத்தி, ஃபாஸ்ட் சார்ஜ் போடாமல் திரும்பிப் பாருங்கள். அன்றைக்கு வண்டி பழையபடி பாய்ந்தால் குற்றவாளி சூடுதான். அப்படியும் மந்தமாக இருந்தால் செல் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

உங்கள் தம்பிக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் ஒரு ஓபிடி புளூடூத் அடாப்டர், அதாவது காரின் சோதனை சாக்கெட்டில் மாட்டினால் வண்டியின் கணக்கை போனில் காட்டுகிற சின்னக் கருவி, வாங்கச் சொல்லுங்கள். உங்கள் காரைப் படிக்கிற ஆப் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும், எல்லா காரும் எல்லா ஆப்புக்கும் பேசாது. நீங்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்: மிதி எத்தனை சதவீதம், பேட்டரி சூடு, பேட்டரி அனுமதிக்கும் கிலோவாட், அதிகபட்ச செல்லுக்கும் குறைந்தபட்ச செல்லுக்கும் உள்ள வித்தியாசம். கடைசி எண்ணை நிறுத்திய வண்டியில் பார்த்துப் பயனில்லை, எல்லா செல்லும் நல்ல பிள்ளையாக நிற்கும். முழுக்க மிதிக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மற்றவை சேர்ந்து இறங்க, ஒரே ஒரு செல் மட்டும் தொபுக்கென்று விழுந்தால் அதுதான் நொண்டும் பிள்ளை. நான் இதற்கு கேப்பர் மலை ஏற்றத்துக்குத்தான் வண்டியை எடுத்துப் போவேன், கடலூரில் வேறு மேடு ஏது?

மிதி சதவீதத்தை ஏன் பார்க்கச் சொன்னேன் என்றால், ஒரு வண்டியில் காலை அடிவரை அழுத்தியும் 78தான் காட்டியது. சென்சார், வயரிங் என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் மழைக்காலத்துக்கென்று ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ரப்பர் மேட் போட்டிருக்கிறார் மனிதர். மிதி ரப்பரில் இடித்து நின்றது.

செல்தான் என்று தெரிந்தால் சர்வீஸுக்குப் போங்கள், காலையில் இல்லை, மதியம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட கையோடு. ஜாப் கார்டில் “பிக்கப் குறைவு” என்று எழுத விடாதீர்கள், “சூடான நிலையில், எழுபதுக்கு மேல், முழு மிதியில் சக்தி குறைகிறது, ஓட்டத்தில் லைவ் டேட்டா பதிவுசெய்து தரவும்” என்று எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பல கார்களின் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி இருக்கிறது, உங்கள் வண்டி இரண்டுக்கும் உள்ளேதான். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் நீங்களோ தம்பியோ தெரிந்த எலெக்ட்ரீஷியனோ தொடக் கூடாது. பல கார்களில் அதில் ஓடுவது முந்நூறு வோல்ட்டுக்கு மேல். வண்டி சரியாகும் வரை, மதியத்தில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வாருங்கள்.

ஆக்ஸிலரேட்டர் ஒயரில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். மாட்டினால் பிக்கப் இரண்டு மடங்கு ஆகுமாம். வாங்கலாமா அண்ணே?
*– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை*

வேண்டாம். அந்தப் பெட்டி செய்வதெல்லாம் ஒரே வேலை: நீ இருபது சதவீதம் அழுத்தினால் நாற்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நூறு அழுத்தினால் அதுவும் நூறுதான் சொல்ல முடியும், நூற்றுப்பத்து என்று ஒன்று கிடையாது. மோட்டாருக்கு ஒரு குதிரை சக்திகூட ஏறாது. கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்துக்கொண்டு சீக்கிரம் எழுந்ததாக நினைப்பது மாதிரி. மெதுவாக ஊர்ந்து பார்க்கிங் போடுவது கஷ்டமாகும், வாரன்டி சிக்கல் வரும். அந்தக் காசில் டயர் பார்த்துக்கொள் தம்பி.

போன இதழில் என் கடிதத்தைப் போட்டிருந்தீர்கள். வண்டி கனமாக ஓடுகிறது, அதே வேகத்துக்கு அதிகம் மிதிக்க வேண்டியிருக்கிறது, ஒரு சார்ஜில் 30 கிலோமீட்டர் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். டயரில் காற்றைப் பாருங்கள், அலைன்மென்ட் பாருங்கள் என்றீர்கள். இரண்டும் பார்த்தாயிற்று, ஆயிரத்துச் சொச்சம் செலவு, ஒரு மாற்றமும் இல்லை. நேற்று தற்செயலாகப் பின் இடது சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன், அனல் அடிக்கிறது.
*– ஓய்வுபெற்றவர், தேவனாம்பட்டினம்*

ஐயா, தப்பு என் பேரில்தான். முகவரியில் தேவனாம்பட்டினம் என்று பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். சில்வர் பீச்சிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிற்கிறது, உப்புக்காற்று இருபத்துநாலு மணி நேரமும்.

உங்கள் வண்டிக்கு இழுவை குறையவில்லை. இழுவை வருகிறது, அதை பிரேக் தின்கிறது. மின்காரில் மிதியிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடுவதால் (இதைத்தான் ரீஜென் என்பார்கள்) பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடுவதே அபூர்வம். பெட்ரோல் காரில் தினமும் உரசி உரசித் துரு போய்விடும். இதில் போகாது. பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் வழுக்கி நகரும் பின்களில் உப்பும் துருவும் ஏறி, ஒருமுறை பிடித்த பிரேக் முழுக்க விடாமல் லேசாக உரசிக்கொண்டே வரும். பின்னால் டிரம் பிரேக் என்றால், ராத்திரி முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டு ஈரத்தில் நிறுத்துவதால் உள்ளே இருக்கும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுக்கொள்வீர்கள். பத்து கிலோமீட்டர் முடிந்தவரை பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டினால் போதும், மூன்று வெதுவெதுப்பு, ஒன்று அடுப்பு என்று தெரிந்துவிடும். பிரேக்கைப் பிரித்து, பின்களைச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கிற கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். இனிமேல் வாரத்துக்கு ஒருமுறை, பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, ரீஜென் அளவைக் குறைத்து வைத்துவிட்டு ஏழெட்டு தடவை நன்றாக பிரேக் பிடியுங்கள். சமதளத்தில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கைத் தவிர்த்து, கியரை பார்க்கில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

அலைன்மென்ட் காசுக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் கடைப் பக்கம் வந்தால் டீ உண்டு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அடுத்த மாதம் ஒரு செகண்ட் ஹேண்ட் மின்கார் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். ஐந்தாறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரிந்து, எவ்வளவு மிதித்தாலும் முப்பதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. ஓரம் கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும். மேடு பள்ளத்தில் அடிக்கடி வருகிறது.
*– கடை வைத்திருப்பவர், ரெயின்போ நகர், புதுச்சேரி*

ஐயா, உங்கள் தெருவில் நின்ற தண்ணீரைச் சொன்னீர்கள், அந்தக் கார் அன்றைக்கு எந்தத் தெருவில் நின்றது என்று விற்றவரைக் கேட்டீர்களா? புயல் முடிந்த அடுத்த மாதம் மலிவாக வந்த கார்!

டீச்சரம்மாவுக்குச் சொன்னது வேறு, இது வேறு. அங்கே விளக்கு எரியவில்லை, படிப்படியாகக் குறைந்தது. இங்கே விளக்கு எரிகிறது, பட்டென்று விழுகிறது, ஆஃப் ஆன் செய்தால் மறக்கிறது, குலுங்கினால் வருகிறது. இது ஒயரிங் அல்லது சென்சாரின் பாஷை. மிதியின் மேல் முனையில் உள்ள பெட்டியில் ஒன்றல்ல, இரண்டு சென்சார் இருக்கும். பல கார்களில் ஒன்று சொல்வதில் பாதியை மற்றது சொல்ல வேண்டும், இது 1.6 வோல்ட் என்றால் அது 0.8. இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் நம்பும். நம்பாவிட்டால், தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்று வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். வீட்டுக்குப் போய்ச் சேர மட்டும் விடும். அதுதான் உங்கள் முப்பது.

டிரைவர் பக்கம் தரை விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், ஈரமோ சேற்று வாடையோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். மிதியின் கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருக்கும். அதை பிளேடால் சுரண்டுகிற மெக்கானிக்கை உடனே நிறுத்துங்கள், மேல் பூச்சு போய்விட்டால் மூன்று மாதத்தில் மறுபடி பூக்கும். பின்னையோ கனெக்டரையோ மாற்றிவிடுவதுதான் நிரந்தரம். அதோடு அந்தப் பக்கம் பாடியில் போல்ட் போட்ட எர்த் ஒயர்களையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியையும் விடாதீர்கள். மின்காரில் அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, கம்ப்யூட்டர்கள் எல்லாம் உயிரோடு இருப்பதே அதனால்தான். வண்டி ஓய்வில் இருக்கும்போது அது 12.4க்குக் கீழே, ‘ரெடி’ வந்த பிறகும் 13ஐத் தாண்டவில்லை என்றால் இல்லாத பேய்களெல்லாம் மீட்டரில் ஆடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரில் நின்ற கார் என்றால் உயர் மின்னழுத்தப் பக்கத்தில் மின்கசிவு இருக்கிறதா என்று இன்சுலேஷன் டெஸ்ட் செய்தாக வேண்டும், அதைக் கம்பெனி சர்வீஸில்தான் செய்ய முடியும், செய்து எழுத்தில் வாங்குங்கள். அது வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கமெல்லாம் போகாதீர்கள். விற்றவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த நாலு வரியை ஆசிரியர் வெட்டிவிட்டார்.

பழைய பெட்ரோல் காரை 72 வோல்ட் கிட் போட்டு மின்காராக மாற்றியிருக்கிறேன். மிதியில் முதல் கால்வாசிக்கு ஒன்றுமே நடப்பதில்லை, அப்புறம் திடீரென்று பிடிக்கிறது, முழுக்க மிதித்தாலும் முழு வேகம் வருவதில்லை. சில நாள் சாவி போட்டால் நகரவே நகராது, காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் போகும். மோட்டார் போய்விட்டதா?
*– ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், அரியாங்குப்பம்*

நம்ம தொழில் ஆள் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். மோட்டார் நன்றாக இருக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் பாட்பாக்ஸின் லட்சணம், அதாவது பழைய ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுத்துக் கட்டியிருப்பீர்களே, மிதிக்கேற்ப மின்தடையை மாற்றுகிற அந்தக் கையுள்ள பெட்டி. பெரும்பாலும் 0 முதல் 5 கிலோ ஓம் வகைதான் வரும்.

மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, பாட்பாக்ஸ் ஒயரை, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற கன்ட்ரோலரிலிருந்து பிடுங்கி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து மாட்டுங்கள். பையனை மிதியை ரொம்ப மெதுவாக அழுத்தச் சொல்லிவிட்டு எண்ணைப் பாருங்கள். சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ ஒரு நொடி காணாமல் போனாலோ உள்ளே பாதை தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள், ஸ்பிரே அடிப்பதெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். சீராக ஏறுகிறது ஆனால் முதல் கால்வாசி அசையவில்லை, முழு மிதியிலும் மூன்றரையில் நின்றுவிடுகிறது என்றால் பாட்பாக்ஸ் நல்லது, கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது கையின் நீளம் பொருந்தவில்லை. மிதி தரையைத் தொடும் முன்னால் 5 கிலோ ஓமை எட்டும்படி வையுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்று போதாது, இரண்டு போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மிதி மேலே வர வேண்டும்.

சாவி போட்டதும் நகராதது பழுதில்லை. சாவி போடும்போது மிதி கொஞ்சமாவது அழுந்தியிருந்தால் பல கன்ட்ரோலர்கள் மோட்டாரை விடாது, பாதுகாப்புக்காக. உங்கள் ஸ்பிரிங் மிதியை முழுக்க மேலே கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் சரியாகியும் இழுவை மெதுவாக ஏறினால் கன்ட்ரோலரில் முடுக்க நேரம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைக் குறைக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாகக் குறைத்தால் பழைய காரின் கியர்பாக்ஸ் தாங்காது. பேட்டரி கேபிள் முனைகளில் கைவைத்துப் பார்ப்பது உங்கள் பழக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், தொடாமலே சூட்டைக் காட்டுகிற ஐஆர் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு முனை மட்டும் சூடு என்றால் அங்கே வோல்ட்டேஜ் வீணாகிறது.

அந்த கிட் அராய் மாதிரியான சோதனை நிறுவனம் ஒப்புக்கொண்டதா, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றி எழுதியாயிற்றா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதாவிட்டால் விபத்து நடக்கிற அன்றைக்கு இன்ஷூரன்ஸ்காரர் கேட்பார்.

மிஷன் வீதிப் பக்கம் மின்ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறேன். பிரஷர் தண்ணீரில் கழுவிய மறுநாள் இரண்டு வண்டி மட்டும் திருகினால் எழவே மாட்டேன் என்கிறது, விட்டு விட்டுப் போகிறது. பேட்டரி ஃபுல்.
*– வாசகர், புதுச்சேரி*

கார் இல்லை என்றாலும் கதை ஒன்றுதான். ராத்திரி வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல் ஆன் பண்ணுங்கள். சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு தெரிந்தால் முடிந்தது வேலை: பிரேக் லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்சில் தண்ணீர் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாரை வெட்டுகிறது. காயவைத்தாலே பாதி நேரம் சரியாகும், இல்லாவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள், சின்னச் செலவுதான். சிவப்பு தெரியாவிட்டால் திருகும் கைப்பிடி. அதற்குள் இருப்பது காந்தத்தை வைத்துத் திருகலை அளக்கிற ஹால் சென்சார், 5 வோல்ட் போகும், திருகத் திருக 0.8 பக்கத்திலிருந்து நாலு வோல்ட் வரை சீராகத் திரும்பி வர வேண்டும். தடுமாறினால் கைப்பிடியையே மாற்றிவிடுங்கள். அந்தப் பிரஷர் பம்பை முன்பக்கம் கொண்டுபோகாதே என்று பையனிடம் சொல்லிவையுங்கள், ஈரத்துணி போதும்.